ஆடி முடித்தும் வீட்டுக்குப் போகாதவர்கள்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் கிரவுண்டுக்குப் போனால் ஆட்டக்காரர் ஒருவரையும் பார்க்க முடியாது. மங்கி குல்லாயும் ஸ்வெட்டருமாக ஒரு பெரியவர் மட்டும் சுண்ணாம்புச் சட்டியோடு நின்றிருப்பார். இரவுப் பனியில் புல் நனைந்து கிடக்கும். கயிற்றை இழுத்துக் கட்டி, குனிந்து, கோடு போட்டுக்கொண்டே போவார். என் அப்பா வயதுக்காரர்கள் அவரை அண்ணன் என்கிறார்கள். நான் மாமா என்கிறேன். இப்போது ஆடுகிற பையன்களுக்கு அவர் தாத்தா. முழங்கால் போய் ஆட்டத்தை நிறுத்தி நாற்பது வருடம் ஆகிறது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் கிளப்பின் லீக் ஆட்டம் ஒன்றுக்கு அவர் வராமல் இருந்து நான் பார்த்ததில்லை.

குன்னூருக்கும் உதகைக்கும் நடுவே வெலிங்டன், அருவங்காடு, கேத்தி என்று மலை ரயில் நின்று நின்று ஏறும் பாதையில் எனக்குத் தெரிந்த ஒவ்வொரு கிளப்பிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். வெளியூரிலிருந்து வந்து பார்ப்பவர்கள் "ஃபுட்பால் வெறி" என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த வார்த்தைக்குள் இந்த விஷயம் அடங்காது. இவர்கள் ஏன் இப்படி ஆனார்கள் என்று தேடிப் போனால் இந்த மலையின் நிலம், பட்டாளம், தேயிலை விலை எல்லாம் வழியில் வந்து நிற்கும்.

முதலில் நிலத்தைச் சொல்ல வேண்டும். நீலகிரியில் தண்ணீர் உண்டு, மரம் உண்டு, காற்று உண்டு, சமதளம்தான் கிடையாது. கால்பந்து விதிப்படி மிகச் சிறிய ஆடுகளத்துக்கே 90 மீட்டர் நீளமும் 45 மீட்டர் அகலமும் வேண்டும். அந்த அளவுக்குத் தட்டையாக ஓர் இடம் கிடைத்தால் அங்கே பேருந்து நிலையம் வரும், சந்தை வரும், சீசனில் வண்டிகள் வந்து நிற்கும். உதகையில் 1820களில் அன்றைய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் வெட்டிய ஏரி இன்று இருப்பதைவிடப் பெரிதாக இருந்தது. அதன் ஒரு பகுதியைத் தூர்த்துத்தான் பின்னாளில் குதிரைப் பந்தயத் திடலுக்கும் பேருந்து நிலையத்துக்கும் இடம் எடுத்தார்கள். சமதளம் வேண்டுமென்றால் தண்ணீரிலிருந்து பிடுங்க வேண்டிய ஊர் இது.

அதனால் எங்கள் கிரவுண்டுகள் எல்லாம் ஏதோ ஒரு சரிவின் மடியில் இருக்கும். ஒரு பக்கம் தேயிலை மேலே ஏறும், மறுபக்கம் ஓடை வரை இறங்கும். கோல் போஸ்ட்டுக்கு மேலே அடித்த பந்து நிற்காது, உருண்டு தேயிலையின் நாலாவது நெரைக்குள், அதாவது வரிசைக்குள், போய்ச் செடிக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். அதை எடுத்துவர யாராவது வேண்டும். ஏழு வயதுப் பையன்கள் அந்த வேலைக்குத்தான் முதலில் கிரவுண்டுக்கு வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். செருப்பில்லாத காலோடு சரிவில் நின்று, பந்து வரும் திசையைப் பார்த்து, அட்டைக்கடியோடு அதை எடுத்துக்கொண்டு ஏறி வந்து, பெரிய ஆட்டக்காரர் ஒருவர் கையில் கொடுக்கும்போது அவர் "சபாஷ்டா" என்பார். அந்த நொடியில் நான் கிளப்பில் சேர்ந்துவிட்டேன். ரசீதும் சந்தாவும் வந்தது பத்து வருடம் கழித்து.

இந்தப் பற்றுக்கு வேர் அங்கேதான் என்று நினைக்கிறேன். கொல்கத்தாவில் மோகன் பகான் 1889-இல் தொடங்கியது, ஈஸ்ட் பெங்கால் 1920-இல். அங்கே எந்தக் கிளப் என்பதைக் குடும்பம் முடிவு செய்கிறது. தாத்தா எந்த ஆற்றுக்கு எந்தக் கரையிலிருந்து வந்தார் என்பதைப் பொறுத்துப் பேரன் கத்துகிறான். அதுவும் ஆயுள் முழுக்கத் தொடர்கிற பற்றுதான். ஆனால் அங்கே ஒருவர் பார்வையாளராகப் பிறந்து பார்வையாளராகவே முதுமை அடையலாம். எங்கள் மலையில் கேலரி இல்லை, டிக்கெட் இல்லை. லீக் ஆட்டத்தைப் பார்க்க வருவது நாற்பது பேர் என்றால் அது நல்ல கூட்டம். அந்த நாற்பது பேரும் ஏதோ ஒரு வேலையைக் கையில் வைத்திருப்பார்கள். வேலை செய்த இடத்தை மனிதர்கள் எளிதில் விட்டுப் போவதில்லை.

இரண்டாவது, பட்டாளம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் எங்கள் பையன்கள் பலருக்கே இது தெரியவில்லை. 1758 வரை தன் வரலாற்றைக் கொண்டுபோகும் மெட்ராஸ் ரெஜிமெண்ட்டின் பயிற்சி மையம் வெலிங்டனில் இருக்கிறது. "வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு" என்ற முழக்கம் காலைப் பயிற்சியில் மலைக்கு மலை எதிரொலிக்கும். அந்த மையத்தின் கால்பந்து அணி, மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டர் என்ற பெயரில், 1955-இலும் 1958-இலும் ட்யூராண்ட் கோப்பையை வென்றது. 1888-இல் சிம்லாவில் தொடங்கிய அந்தப் போட்டிதான் ஆசியாவிலேயே பழமையான கால்பந்துப் போட்டி. 1956-இல் கோப்பை ஈஸ்ட் பெங்காலுக்குப் போனது, 1957-இல் ஹைதராபாத் சிட்டி போலீஸுக்கு, 1959-இல் மோகன் பகானுக்கு. அந்தக் காலத்தில் நாட்டையே ஆண்ட பெயர்கள் இவை. அவற்றின் நடுவே இரண்டு முறை இருப்பது வெலிங்டன் அணி.

அந்த அணியின் கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். 1935-இல் ஹைதராபாத்தில் பிறந்தவர். தொடக்கத்தில் முன்களத்தில் ஆடியவர் பிறகு கோலுக்குப் போனார். நல்ல உயரம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கிலும் 1960 ரோம் ஒலிம்பிக்கிலும் இந்திய அணியில் இருந்தார். 1962-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென்கொரியாவை இறுதி ஆட்டத்தில் வென்று தங்கம் வாங்கிய அணியிலும் அவர் உண்டு. கொல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடினார். 1967-இல் அர்ஜுனா விருது பெற்றார். இந்தியாவின் மிகச் சிறந்த கோல்கீப்பர் யார் என்ற பேச்சு வந்தால் இன்றும் முதலில் வரும் பெயர் அவருடையது.

ஒரு பெரிய அணி பக்கத்தில் இருந்தால் சின்னக் கிளப்புக்கு என்ன கிடைக்கும்? மாமாவின் மூத்த அண்ணன் சிறுவயதில் வேலி ஓரம் நின்று சிப்பாய்கள் பயிற்சி எடுப்பதைப் பார்த்தவர். முழங்காலுக்கு மேல் காலுறையை இழுத்துவிட்டுக்கொள்வது எப்படி, பூட்ஸுக்குக் கொழுப்புத் தேய்ப்பது எப்படி, தோற்றாலும் வரிசையில் நின்று கைகொடுப்பது எப்படி என்று பார்த்துப் பார்த்து வந்து தன் தம்பிகளுக்குச் சொல்லியிருக்கிறார். ஓய்வுபெற்ற சுபேதார்களும் ஹவில்தார்களும் கீழே போகாமல் இங்கேயே வீடு கட்டிக்கொண்டு, மாலையில் ஊர்ப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஆட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னால் வராதவனை உட்கார வைக்கும் வழக்கம் எங்கள் கிளப்பில் இன்னும் இருக்கிறது. அது அவர்கள் விட்டுப்போனது.

மூன்றாவது, வேலையும் கூலியும். அருவங்காட்டில் 1903-இல் வந்த வெடிமருந்துத் தொழிற்சாலை, உதகை இந்துநகரில் 1960-இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், கேத்தியின் ஊசித் தொழிற்சாலை என்று மலையில் மாதச் சம்பளம் கொடுத்த இடங்கள் கொஞ்சம்தான். சங்கு ஊதி ஷிப்ட் முடிந்ததும் நேராக கிரவுண்டுக்கு வருகிறவர்கள் இருந்தார்கள். சம்பளத் தேதியில் கிளப் சந்தா வந்துவிடும். 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்காக 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கியபோது, கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து புதிய ஆட்டக்காரர்கள் வந்தார்கள். எங்கள் கிளப்பின் பழைய குரூப் போட்டோவில் படுகர் ஊரான ஹட்டியின் பையன், லைன் வீட்டுப் பையன், தொழிற்சாலைக் குடியிருப்புப் பையன், பட்டாளத்துக்காரர் மகன் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த மலையில் அவர்கள் எல்லாரும் ஒன்றாக உட்காரும் இடங்கள் அதிகம் கிடையாது.

பிறகு எல்லாம் சரிந்தது. நீலகிரித் தேயிலையை மொத்தமாக வாங்கிக்கொண்டிருந்த சோவியத் யூனியன் 1991-இல் உடைந்தது. 1990களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை விழுந்தது. சிறு விவசாயிகள் வீட்டில் அடுப்பெரிவதே பெரும்பாடானது. ஃபிலிம் சுருளின் காலமும் முடிந்து அந்தத் தொழிற்சாலையும் மூடப்பட்டது. 2001 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்ட மக்கள்தொகை 7,62,141. 2011-இல் 7,35,394. தமிழ்நாட்டில் எல்லா மாவட்டங்களும் பெருத்துக்கொண்டிருந்த பத்து வருடத்தில் இந்த மாவட்டம் இளைத்தது. போனவர்களில் பெரும்பாலோர் வேலை தேடும் வயதுக்காரர்கள், அதாவது ஆடும் வயதுக்காரர்கள். திருப்பூர், கோவை, பெங்களூரு. ஒரு கிளப்புக்கு அது எப்படி இருக்கும் என்றால், தடுப்பில் ஆடும் ஸ்டாப்பர் ஒரு வருடம் போவான், அடுத்த வருடம் இரண்டு ஃபார்வர்டுகளும் போவார்கள், தலைவர் மகன் வீட்டோடு போய்விடுவார். மிஞ்சியிருப்பது போக முடியாதவர்களும் போக மனசில்லாதவர்களும்.

கிளப்பைக் காத்தது அவர்கள்தான். ஆட்டக்காரனின் ஆயுள் பதினைந்து வருடம். அதற்குப் பிறகு அவன் வீட்டுக்குப் போகாமல் கிரவுண்டிலேயே நின்றுவிட்டால்தான் கிளப்புக்கு அடுத்த பதினைந்து வருடம் கிடைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ரசிகர் என்று தோன்றும் மனிதர், உள்ளே செயலாளர், மைதானக்காரர், சமையல்காரர், சில நாள் ஆம்புலன்ஸ்.

அந்த வேலைகளைச் சொன்னால்தான் புரியும். மாவட்டச் சங்கத்தில் ஆட்டக்காரர்களைப் பதிவு செய்ய பிறப்புச் சான்றிதழ், ஆதார், போட்டோ எல்லாம் வாங்க வேண்டும். பையன்கள் கடைசி நாள் வரை தரமாட்டார்கள், வீடு வீடாக ஏற வேண்டும். கிழிந்த வலையைக் குளிர்காலத்தில் உட்கார்ந்து பின்ன வேண்டும். ஹார்டுவேர் கடைக்காரரிடமும் பேக்கரிக்காரரிடமும் ஜெர்சிக்குப் பணம் கேட்டு நிற்க வேண்டும். இடைவேளைக்கு டீயும் வர்க்கியும் வர வேண்டும், ரெஃப்ரிக்கும் லைன்ஸ்மேன்களுக்கும் முதலில். அடுத்தது துவைக்கிற வேலை. ஜூலை மாதத்தில் இந்த மலையில் துணி நாலு நாளைக்குக் காயாது. சேறு படிந்த பதினான்கு ஜெர்சிகளை என் அம்மா அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப் போடுவார். எங்கள் டீம் சட்டையில் எப்போதும் ஒரு புகை வாசம் இருக்கும். அம்மா கிரவுண்டுக்கு வந்து ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை. ஆனால் எந்தச் சட்டை எந்த இடத்தில் கிழிந்து வருகிறது என்பதை வைத்தே, "இன்னைக்கு எட்டாம் நம்பரைப் புடிச்சு இழுத்தே வெச்சிருக்கானுங்க" என்பார். ஆயுள் பற்று என்று பேசும்போது அம்மாவையும் அதில் சேர்க்காமல் நான் பேச மாட்டேன்.

கால்பந்து விதியில் ஒரு வரி உண்டு: ஓர் அணியில் ஏழு பேருக்குக் குறைவாக இருந்தால் ஆட்டம் தொடங்காது. பெரிய கிளப் ரசிகர் அதைப் படித்திருக்கக்கூட மாட்டார். எங்களுக்கு அது வாழ்க்கை. சில வருடங்களுக்கு முன் ஒரு லீக் ஆட்டம், இரண்டு மணிக்கு. எங்கள் பக்கம் ஆறு பேர். திருப்பூரில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் ஏறிய மூன்று பேர், பர்லியாறு தாண்டி மரம் விழுந்து வழியில் மாட்டிக்கொண்டார்கள். ஆடாமலே எதிரணிக்கு வெற்றியை விட்டு வாக்கோவர் கொடுத்தால் புள்ளியும் போய் மானமும் போகும். மாமா ரோட்டுக்கு ஓடி, கடையில் இருந்த ஒரு பழைய ஆட்டக்காரரை இழுத்துக்கொண்டு வந்தார். நல்லவேளை, அவர் பெயர் பதிவில் இருந்தது. நாற்பத்து மூன்று வயது. ஏழு பேரோடு தொடங்கினோம். பஸ் வந்து மற்ற மூவரும் சேரும்போது ஐந்து கோல் வாங்கியிருந்தோம். கடைசியில் ஆறு. ஆட்டம் முடிந்து பையன்கள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தபோது மாமா சொன்னார்: "நாம தோத்துட்டோம். சரி, வலையைக் கழட்டு."

அந்த "நாம" என்ற சொல்லைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். அமெரிக்காவில் ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளரும் அவர் குழுவும் 1976-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு புகழ்பெற்றது. பல்கலைக்கழக அணி வென்ற வாரம் மாணவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட சட்டையை அதிகமாகப் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஆட்டத்தைப் பற்றிக் கேட்டபோது, வென்றதைச் சொல்லும்போதுதான் "நாங்கள்" என்ற சொல் அதிகம் வந்தது. தோற்றதைச் சொல்லும்போது அணி தள்ளிப் போய்விட்டது. நம் ஊர் கிரிக்கெட் பேச்சிலும் இதே கதைதான்: "ஜெயிச்சுட்டோம்", "தோத்துட்டானுங்க".

ஆங்கிலத்தில் இல்லாத ஒரு வசதி தமிழில் இருக்கிறது. கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், விட்டுவிட்டால் நாங்கள். எதிர் டீம்காரரிடம் "நாங்க தோத்துட்டோம்" என்று சொல்வது மரியாதை. தோற்றுப்போன பதினாறு வயதுப் பையனிடம், அன்றைக்கு ஆடாத ஒரு கிழவர், "நாம தோத்துட்டோம்" என்று சொல்வது வேறு. அந்தத் தோல்வியில் தன் பங்கை அவர் எடுத்துக்கொள்கிறார். கோடு போட்டவரும் வலை கட்டியவரும் அவர்தானே. வேலை செய்தவருக்குத் தோல்வியிலிருந்து தள்ளி நிற்க வழி கிடையாது. பார்க்க மட்டும் வந்தவருக்கு உண்டு.

பார்க்க மட்டும் போன அனுபவமும் எனக்கு இருக்கிறது. 2019 மார்ச் 9 அன்று கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று, தேசிய அளவிலான கிளப் போட்டியான ஐ-லீக் பட்டம் வாங்கியது. குன்னூரிலிருந்து பஸ் பிடித்துப் போயிருந்தோம். தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக் பட்டம் வென்றது அதுவே முதல் முறை. தொண்டை கட்டும் வரை கத்தினேன், அந்த மகிழ்ச்சி நூற்றுக்கு நூறு உண்மை. சில வருடங்களில் அந்தக் கிளப் லீக்கிலிருந்தே காணாமல் போனது. மனசு வலித்தது. ஆனால் அதைத் தடுக்க எங்கள் யார் கையிலும் எதுவும் இருக்கவில்லை. எந்தக் கதவைத் தட்டுவது என்றுகூடத் தெரியாது.

இங்கிலாந்தில் விம்பிள்டன் கிளப்பை 2002-இல் வேறு ஊருக்குக் கொண்டுபோக அனுமதி கிடைத்தபோது, அங்கிருந்த ரசிகர்கள் அதே ஆண்டில் தங்களுக்கென்று ஒரு புதிய கிளப் தொடங்கினார்கள். ஊர்ப் பொதுவெளியில் ஆள் தேர்வு வைத்தார்கள். அடிமட்ட லீக்கிலிருந்து தொடங்கி 2011-இல் இங்கிலாந்தின் தொழில்முறை ஃபுட்பால் லீக்குக்குள் வந்தார்கள், 2020-இல் தங்கள் பழைய வட்டாரத்துக்கே திரும்பிப் புதிய மைதானத்தில் ஆடினார்கள். கிளப் ரசிகர்கள் கையில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதை உலகமே எடுத்துச் சொல்கிறது. எங்கள் மலைக் கிளப்புகள் யாரும் எழுதாமலே அப்படித்தான் இருந்து வருகின்றன. முதலாளி கிடையாது, அதனால் விற்கவும் முடியாது. மூட வேண்டுமென்றால் மாமா சாவியை யாரிடமாவது கொடுக்க வேண்டும், அவர் கொடுக்க மாட்டார்.

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் கதை வேறு. அதை முழுதாக எழுத அங்கே பிறந்தவர் வேண்டும். வயநாடும் மலப்புறமும் தொட்டுக்கொண்டிருக்கும் அந்தச் சரிவில் ஏழு பேர் ஆடும் செவன்ஸ்தான் ராஜா. விளக்கு வெளிச்சம், கமுகு மரம் கட்டிய கேலரி, வெளியூரிலிருந்து காசு கொடுத்து வரவழைக்கும் ஆட்டக்காரர்கள். அங்கே கூட்டம் உண்டு, பணம் உண்டு. எங்கள் பக்கத்துக் குளிரில் இரவு ஆட்டம் கனவு.

எனக்கு இப்போது இருக்கும் கவலை டர்ஃப் எனும் செயற்கைப் புல் மைதானங்கள். கோவையில் தெருவுக்குத் தெரு வந்தவை இப்போது மலைக்கும் ஏறிவிட்டன. மணிக்கு இவ்வளவு என்று கட்டி, விளக்கடியில் ஆடிவிட்டுப் போகலாம். மழை மாதங்களில் பையன்கள் பந்தைத் தொட அதுதான் வழி, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சுற்றிலும் வலை. பந்து வெளியே போகாது. அதனால் பந்து எடுத்துத் தர சரிவில் ஒரு சின்னப் பையன் நிற்க வேண்டியதில்லை. கோடு அச்சடித்தே இருக்கிறது; சுண்ணாம்பு வேண்டாம். நேரம் முடிந்ததும் அடுத்த கோஷ்டி உள்ளே வரும். ஆடி முடித்தவர் நின்று பேச இடமில்லை. ஆட்டக்காரர்கள் அங்கே உருவாவார்கள். மாமாக்கள் எப்படி உருவாவார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. ஊர்த் திடல்களை ஊர் கையிலேயே விட்டுவைக்க வேண்டும், அவற்றில் சீசனுக்கு வண்டி நிறுத்தக் கூடாது என்று நாங்கள் மனு எழுதிக்கொண்டே இருப்பது இதற்காகத்தான்.

உதகை கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர். மெக்சிகோ நகரமும் ஏறக்குறைய அதே உயரம்தான். 1970-இல் பெலேயும் 1986-இல் மரடோனாவும் உலகக் கோப்பையைத் தூக்கியது அங்கே. இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பந்து வேகமாகப் போகும், வளைவது குறையும், கீழ்நாட்டு டீம்களுக்கு இரண்டாம் பாதியில் மூச்சு வாங்கும். எங்களுக்கு அது பழகிய காற்று. பழகாதது மூடுபனி ஒன்றுதான். அதற்கு யாராலும் பழக முடியாது.

போன நவம்பரில் ஒரு ஆட்டம். முப்பதாவது நிமிடத்தில் கீழே ஓடையிலிருந்து பனி ஏறியது. முதலில் கார்னர் கொடி மறைந்தது, பிறகு எதிர்க் கோல், பிறகு கோடு. ரெஃப்ரி விசில் ஊதி நிறுத்தினார். இருபது நிமிடம் பார்க்கலாம் என்றார். கடைசியாக அடித்த பந்து எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. இரண்டு பையன்கள் தேயிலைக்குள் இறங்கியிருந்தார்கள். குரல் மட்டும் கேட்டது. மாமா கோட்டோரம் நின்று கையைக் குவித்துக் கத்தினார்: "டேய், மேல வராத, அஞ்சாவது நெரை, பாறைக்கு அந்தாண்ட பாரு." எப்படி மாமா தெரியும் என்று கேட்டேன். "விழுந்த சத்தம் கேக்கலையாடா உனக்கு?" என்றார். கொஞ்ச நேரம் கழித்துச் செடிகள் உரசும் சத்தம் கேட்டது. பனிக்குள்ளிருந்து முதலில் பந்து வந்தது, பின்னாலேயே, முழங்கால் வரை நனைந்து, சின்னவன்.